இன்று யாருடைய முறை?

பிரேசர் டவுன் அளந்த பிறகு கட்டிய ஊர். 1898இல் பெங்களூரில் பிளேக் பரவியது. ஒன்றன்மேல் ஒன்றாக வீடுகள் நெருங்கிக் கிடந்த பகுதிகளில் சாவு அதிகம். இனிமேல் தெருவும் சாக்கடையும் மனையும் முதலில் தாளில் வரையப்பட வேண்டும், வீடு அப்புறம்தான் என்று கண்டோன்மெண்ட் அதிகாரிகள் முடிவுசெய்தார்கள். அப்படி வந்த குடியிருப்புகளில் ஒன்று 1910இல் உருவான பிரேசர் டவுன். மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் சிறுவனாக இருந்தபோது அவருக்கு ஆசிரியராக இருந்த ஸ்டுவர்ட் பிரேசரின் பெயர் அது. இப்போது அரசுப் பலகையில் புலிகேசி நகர். ஆட்டோக்காரரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

நிலத்தைப் பிரிப்பது சுலபம். சங்கிலியைப் பிடி, அள, கல் நடு. இது உன் மனை, அது என் மனை. நூறு வருடம் கழித்தும் கல் அங்கேயே இருக்கும்.

சரி, தண்ணீரைப் பிரிக்கச் சொன்னால்? குழாய்த் தண்ணீரை அல்ல. கடலோரத்து உப்பங்கழி ஒன்று இருக்கிறது. அதில் இறால் இருக்கிறது. கரையைச் சுற்றிப் பல ஊர்கள். எல்லா ஊருக்கும் பசி. எங்கே கல் நடுவீர்கள்?

இந்தக் கேள்விக்குச் சென்னைக்கு வடக்கே, ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இருக்கும் பழவேற்காட்டில் ஒரு விடை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர்கள் ஆய்வுக்கூடம் வைத்திருந்தவர்கள் அல்ல. குப்பங்களில் வாழ்ந்த மீனவர்கள்.

பழவேற்காடு ஏரி என்று சொன்னாலும் அது நன்னீர் ஏரி அல்ல. கடலோடு வாய் வைத்திருக்கும் காயல். இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர்க் காயல் அதுதான். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தெற்கு முனை தமிழ்நாட்டில். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு. ஆம், ராக்கெட் கிளம்பும் அதே தீவுதான் கடலுக்கும் காயலுக்கும் நடுவே மதில்போல் கிடக்கிறது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே ஜெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து நிற்கும். பறவை நிற்கிறது என்றாலே புரிந்திருக்கும், ஆழம் அதிகமில்லை. பல இடங்களில் பெரியவர் ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போகலாம்.

இப்போது இறாலின் கதைக்கு வருவோம். அது தெரியாமல் ஊரின் கதை புரியாது.

வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். ஆயிரக்கணக்கில் இடும், பெரிய தாய் என்றால் இலட்சத்தையும் தாண்டும். பொரித்து வருவது இறால் மாதிரியே இருக்காது, தூசி மாதிரி மிதக்கும். தோலை உரித்து உரித்து உருவம் மாறி, சில வாரங்களில் சிறு நூல்துண்டு அளவுக்கு வந்ததும் அது ஒரு காரியம் செய்கிறது. கடல்நீர் காயலுக்குள் ஏறும் நேரம் பார்த்து அதோடு உள்ளே வந்துவிடுகிறது. உள்ளே சேறும் பாசியும் நிறைய, பெரிய மீன்களின் தொல்லை குறைவு. சில மாதங்கள் தின்று வளர்கிறது. விரல் நீளம் வந்ததும் மறுபடி கடல் தேடும். அப்போது காயலிலிருந்து தண்ணீர் வெளியே வற்றும் நேரம் பார்த்து, பெரும்பாலும் இருட்டில், வாய்ப்பகுதி வழியாக வெளியேறும்.

ஆக, இறால் பிடிக்க ஏரி முழுக்கத் துழாவ வேண்டியதில்லை. வாய்க்குப் பக்கத்தில், வற்றும் நீரை எதிர்கொண்டு, கழி நட்டு வலை கட்டினால் இறாலே வந்து விழும். எல்லா நாளும் ஒரே மாதிரி விழாது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், சந்திரன், பூமி மூன்றும் ஒரே கோட்டில் வருகின்றன. சூரியன், சந்திரன் இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து இழுப்பதால் கடல் கூடுதலாக ஏறும், கூடுதலாக வற்றும். அந்த நாள்களை ஒட்டி நீரோட்டம் வேகமாக இருக்கும், வலையும் கனக்கும். நடுவில் வரும் அஷ்டமி நாள்களில் ஓட்டம் சோம்பல். பழவேற்காட்டுக் குழந்தைகள் நிலாவைப் பார்த்தே வீட்டில் காசு இருக்குமா என்று சொல்லிவிடலாம்.

இங்கேதான் சிக்கல். நல்ல இடம் கொஞ்சம். நல்ல நாள் கொஞ்சம். உங்கள் வலைக்கு முன்னால் நான் என் வலையைக் கட்டிவிட்டால் எனக்கு இறால், உங்களுக்கு வெறும் தண்ணீர். நாளைக்கு நீங்கள் எனக்கு முன்னால் கட்டுவீர்கள். நாளன்றைக்குக் கத்தியோடு வருவோம்.

பிரேசர் டவுனின் கோல்ஸ் பார்க்கில் ஊஞ்சல் ஒன்று, பிள்ளைகள் பத்துப் பேர் என்றால் என்ன செய்வீர்கள்? ஊஞ்சலை வெட்டிப் பங்கு போட மாட்டீர்கள். முறை வைப்பீர்கள். பழவேற்காட்டு மீனவர்கள் செய்ததும் அதுதான். தண்ணீரைப் பிரிக்காமல் நேரத்தைப் பிரித்தார்கள். இதற்குப் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகியவை பாட்டுரிமை உள்ள பழைய ஊர்கள். காயலின் தெற்கே, வாய்ப்பகுதியை ஒட்டிய நல்ல இடங்களில் இன்று இந்த ஊர், நாளை அந்த ஊர் என்று முறை சுற்றும். ஊருக்குள் யாருக்கு எந்த இடம் என்பது சீட்டுக் குலுக்கியோ வரிசைப்படியோ முடிவாகும். இன்று வாய்க்கு அருகே கிடைத்தவருக்கு அடுத்த முறை தள்ளிக் கிடைக்கும். மாதாகுப்பத்தில் வேதக்கோயில், மற்ற குப்பங்களில் அம்மன் கோயில். முறை இரண்டுக்கும் பொதுதான்.

சீட்டுக் குலுக்குவதைச் சூதாட்டம் என்று நினைக்காதீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அதிர்ஷ்டம், உள்ளே கணக்கு. ஒரு தடவை குலுக்கினால் ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நட்டம். நூறு தடவை குலுக்கினால் எல்லார் கணக்கும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். நாணயத்தைச் சுண்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டே வாருங்கள், தெரியும். அதோடு இன்னொரு லாபம். யாரும் யாருடைய தயவிலும் இல்லை. தலைவரின் மாப்பிள்ளைக்கு நல்ல இடம் என்று முணுமுணுக்க முடியாது.

சரி, முறையை யார் காப்பாற்றுகிறார்கள்? போலீஸ் நடுராத்திரியில் காயலுக்குள் நிற்க முடியாதே.

ஊர் காப்பாற்றுகிறது. சோழமண்டலக் கடற்கரையில் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து என்று ஒன்று உண்டு. அரசு நடத்தும் பஞ்சாயத்துத் தேர்தலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதில் இருப்பவர்களை நாட்டார் என்றும் பஞ்சாயத்தார் என்றும் சொல்வார்கள். கோயில் முன்னால் ஊர்கூடும். கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு வரி என்று ஊருக்குக் கட்ட வேண்டும். வரி கட்டினால் பாட்டில் இடம், கோயில் திருவிழாவில் இடம், சண்டை வந்தால் பேச ஆள். கட்டாவிட்டால் எதுவும் இல்லை. விதியை மீறியவருக்கு அபராதம்; முரண்டு பிடித்தால் கடலுக்குப் போகக் கூடாது என்றே தடை போடுவார்கள். நாகப்பட்டினம் பக்கம் போனால் 64 மீனவ ஊர்கள் சேர்ந்த கூட்டமைப்பே இருக்கிறது; நம்பியார் நகர் அதற்குத் தலைக்கிராமம். ஓர் ஊரால் தீர்க்க முடியாத வழக்கு அங்கே போகும்.

2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது இந்த அமைப்பின் பலமும் பலவீனமும் ஒரே வாரத்தில் வெளிப்பட்டன. எந்த வீட்டில் எத்தனை பேர், யார் இல்லை, யாருக்கு என்ன தேவை என்ற கணக்கு ஊர்ப் பஞ்சாயத்திடம் இருந்தது. நிவாரணம் கொண்டுவந்தவர்கள் அவர்களைத்தான் தேடிப் போனார்கள். அதே சமயம் தலைக்கட்டு என்றால் ஆண் என்பதுதானே பழைய கணக்கு? கணவரை இழந்து தனியாகக் குடும்பம் நடத்திய பெண்கள் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். இத்தனைக்கும் கரைக்கு வந்த மீனை ஏலம் எடுப்பதும், கூடையில் சுமந்து தெருத் தெருவாக விற்பதும், கடன் வாங்கிக் கட்டி வீட்டை ஓட்டுவதும் பெரும்பாலும் பெண்கள்தான். கூட்டத்தில் மட்டும் அவர்களுக்கு இடமில்லை. எனக்கு இது பிடிக்காத பகுதி. அதற்காக மறைத்துவிட்டுக் கதை சொல்ல முடியாது.

இன்னொரு கூட்டமும் வெளியே இருக்கிறது. பழவேற்காட்டில் இருளர் குடும்பங்கள் வலையில்லாமல் இறால் பிடிப்பார்கள். ஆழமில்லாத நீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றை இரு கையாலும் தடவித் தடவிப் பிடித்து, பறி என்ற ஓலைக்கூடையில் போடுவார்கள். இரண்டு கையும் வேலையாக இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் பாடு கிடையாது. எங்களுக்கும் இடம் வேண்டும் என்று மற்றச் சமூகத்தார் கேட்பதும், அதனால் சச்சரவு எழுவதும் நெடுநாளாக நடக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கு நியாயமாக இருக்கும் விதி, வெளியே இருப்பவர்களுக்கும் நியாயமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பாருங்கள்.

இனி ஒரு பெரிய தாண்டல். வடக்கே வெகு தொலைவில், அலாஸ்காவின் தென்கரையில் கோடியாக் தீவும் அதைச் சுற்றிய கரைகளும். அங்கே அலூட்டிக் என்ற மக்கள் வாழ்கிறார்கள். அவர்களும் கடலை நம்பியவர்கள். அந்தத் தீவில் மனிதர்கள் வாழத் தொடங்கி 7,500 ஆண்டுகள் ஆகின்றன. முன்னாளில் அவர்கள் வீட்டுக்குப் பனை ஓலைக்குப் பதில் புல்வேய்ந்த மண்கூரை. குளிருக்கு அஞ்சி வீட்டைப் பாதி நிலத்துக்குள் இறக்கிக் கட்டுவார்கள். நடுவில் பெரிய கூடம், அடுப்பு. சுற்றிலும் சிறு சிறு பக்க அறைகள், தூங்க, நீராவிக் குளியல் போட. சொந்தக்காரக் குடும்பங்கள் பல ஒரே கூரையின் கீழ். பயணத்துக்குச் சீல், கடற்சிங்கம் ஆகியவற்றின் தோலை மரச்சட்டத்தின்மேல் இழுத்துத் தைத்த கயாக் படகு. நம் கட்டுமரம் மாதிரியே கையில் கிடைத்ததைக்கொண்டு அலைக்கு ஏற்றபடி செய்தது.

அவர்களுக்கு இறாலுக்குப் பதில் சால்மன் மீன். ஆனால் திசை நேர் எதிர். இறால் கடலில் பிறந்து காயலில் வளர்ந்து கடலுக்குத் திரும்புகிறது. சால்மன் ஆற்றில் பிறந்து கடலில் வளர்ந்து முட்டையிட ஆற்றுக்குத் திரும்புகிறது. கோடை வந்தால் குளிர்கால ஊரைவிட்டு ஆற்றங்கரைக்குக் குடிபெயர்வார்கள். மீன் வருவது சில வாரங்கள்தான். அதற்குள் பிடித்து, பிளந்து, உலர்த்தி வைத்தால்தான் நீண்ட குளிர்காலத்துக்குச் சோறு. குளிர்காலத்தில் தலைவரின் பெரிய பொதுக்கூடத்தில் விருந்து, ஆட்டம், முகமூடி, பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அழைப்பு. அங்கேயும் எல்லாரும் சமம் இல்லை. தலைவர் குடும்பங்கள், சாதாரண மக்கள், போரில் பிடிபட்ட அடிமைகள் என்று படிகள் இருந்தன. திமிங்கில வேட்டை சில குடும்பங்களின் ரகசியம். ஒரு செடியின் கிழங்கிலிருந்து எடுத்த நஞ்சை ஈட்டிமுனையில் தடவும் வித்தையை வெளியாருக்குச் சொல்ல மாட்டார்கள்.

எழுத்தே இல்லாத காலத்துச் சமூகத்தைப் பற்றி இவ்வளவும் எப்படித் தெரியும்? பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டிகள் சொன்னது ஒரு வழி. மண் சொன்னது இன்னொரு வழி. 1980களில் கோடியாக் தீவின் கார்லுக் ஆற்று முகத்தில் ரிச்சர்டு ஜோர்டான் என்ற ஆய்வாளரின் குழு தோண்டியது. ஒரு வீட்டுத் தரைக்குமேல் இன்னொரு வீட்டுத் தரை, அதற்குமேல் இன்னொன்று என்று அடுக்கடுக்காக வந்தது. மண் எப்போதும் ஈரமாக, காற்றுப் புகாமல் இருந்ததால் மரத்தை அரிக்கும் கிருமிகளுக்கு வேலை இல்லை. கூடை, கரண்டி, முகமூடி, பிள்ளைகளின் பொம்மைப் படகு எல்லாம் அப்படியே கிடைத்தன. தொல்லியலாளர்கள் வீட்டின் வடிவத்தையும் கவனித்தார்கள். கோடியாக்கின் பழைய வீடுகள் ஓரறை வீடுகள். பின்னால் வந்தவற்றில் பக்க அறைகள் முளைக்கின்றன, கூடம் பெரிதாகிறது. குடும்பங்கள் கூடி வாழத் தொடங்கியதையும், சிலர் மற்றவர்களைவிடப் பெரியவர்கள் ஆனதையும் சுவர்த்தடத்தை வைத்தே ஊகிக்கிறார்கள்.

சுனாமியும் அவர்களை விடவில்லை. 1964 மார்ச் 27இல் அலாஸ்காவில் 9.2 அளவு நிலநடுக்கம், பின்னாலேயே கடல். செனேகா என்ற சிற்றூரில் மூன்றில் ஒரு பங்குப் பேர் போய்விட்டார்கள். அஃபோக்நாக் ஊரார் இனி இங்கே வாழ முடியாது என்று போர்ட் லயன்ஸ் என்ற புது இடத்துக்கு ஊரோடு பெயர்ந்தார்கள்.

பாடு மாதிரியான முறை பழவேற்காட்டின் தனிச்சொத்து அல்ல. கேரளத்தில் கொச்சிக் காயலில் உண்டு. இலங்கையில் நீர்கொழும்புக் காயலிலும் கழிவலைக்குச் சீட்டுக் குலுக்கி முறை வைக்கிறார்கள். பழைய வழக்கத்தை ஏற்று இலங்கை அரசு 1958இல் சட்டவிதியாகவே எழுதியது. துருக்கியில் அலன்யா என்ற ஊரில் இன்னும் வேடிக்கை. ஒவ்வொரு செப்டம்பரிலும் மீன்பிடி இடங்களுக்குச் சீட்டு எடுப்பார்கள். ஜனவரி வரை தினமும் ஒவ்வொருவரும் கிழக்கே அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். ஜனவரியிலிருந்து மே வரை மேற்கே. ஏன் திசை மாறுகிறது? மீன்கூட்டம் வலசை போகும் திசை மாறுவதால்! மீனின் பழக்கத்தைப் பார்த்து மனிதர்கள் விதியை வளைத்திருக்கிறார்கள்.

அமெரிக்க அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம் இப்படிப்பட்ட ஊர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தார். அதற்கு முன்பு, 1968இல், காரெட் ஹார்டின் என்ற உயிரியலாளர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். பொதுச்சொத்தை யாரும் காப்பாற்ற மாட்டார்கள், ஆளாளுக்கு அள்ளி அழித்துவிடுவார்கள் என்பது அதன் சாரம். உலகமே தலையாட்டியது. ஆஸ்ட்ரம் மட்டும், அள்ளாமல் காப்பாற்றிய ஊர்கள் இதோ இருக்கின்றனவே என்று எடுத்து வைத்தார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் அவருக்கு. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

ஆனால் முறை மட்டும் போதாது, காயலும் உயிரோடு இருக்க வேண்டும். கடல் மணல் வந்து அடைத்தால் பழவேற்காட்டு வாய் கோடையில் குறுகிவிடும், சில சமயம் மூடியே விடும். அப்போது இறால் குஞ்சு உள்ளே வர வழியில்லை, சீட்டு எடுத்து என்ன பயன்? தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் வந்தபின் கரையோர மணலின் போக்கு மாறுகிறது என்பது மீனவர்களின் கவலை. தவிர, இன்று கடையில் நாம் வாங்கும் இறாலில் நிறையப் பண்ணைக் குளத்தில் வளர்ந்தது. அதற்கு அமாவாசையும் தெரியாது, பௌர்ணமியும் தெரியாது.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. தினசரிக் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடையே சராசரியாக 14¾ நாள். அந்த நாளையும் அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாளையும் சேர்த்து, ஐந்து நாள் நல்ல ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஊர்கள் அ, ஆ, இ என்று மூன்று. இது கற்பனைதான், உண்மையான ஊர்களின் அட்டவணை அல்ல.

முதல் வழி: ஊருக்குத் தொடர்ந்து ஐந்து நாள். மொத்தம் பதினைந்து நாளில் ஒரு சுற்று. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுற்றும் 15 நாள், நிலாவும் கிட்டத்தட்ட 15 நாள். அமாவாசை ‘அ’ ஊரின் முறையில் விழுந்தால், அடுத்து வரும் பௌர்ணமியும் அங்கேயே விழும், அதற்கடுத்த அமாவாசையும் அங்கேயே. கால் நாள் வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து அது வேறோர் ஊருக்கு நகர்ந்து போகப் பத்து மாதம்போல் ஆகலாம். அதுவரை ‘அ’ ஊரில் கறிவிருந்து, மற்ற ஊர்களில் கஞ்சி.

இரண்டாம் வழி: நாளுக்கு ஓர் ஊர். இப்போது நல்ல ஐந்து நாளில் இரண்டு ஊருக்கு இரண்டிரண்டு நாள், ஓர் ஊருக்கு ஒரு நாள். யாருமே வெறுங்கையோடு போவதில்லை. யாருக்கு ஒன்று என்பதும் சில பட்சங்களுக்கு ஒருமுறை மாறிவிடும். காலண்டரில் மூன்று வண்ணப் பென்சிலால் குறித்துப் பாருங்கள்.

பிறகு நான்காவது ஊரைச் சேருங்கள். ஐந்தாவதையும் சேருங்கள். இதுவரை தாங்கும். ஆறாவது ஊர் வந்து எங்களுக்கும் பசி என்றால், ஐந்து நல்ல நாளில் யாரோ ஒருவர் வெறுங்கையோடு போக வேண்டும். அப்போது என்ன விதி எழுதுவீர்கள் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: விதி எழுதும் அந்தக் கூட்டத்தில் மீன் விற்கும் அம்மாவும் பறியைப் பல்லில் கடித்து இறால் தேடுபவரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.